நான்கு விரல் இடைவெளி

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கடையில் தீபாவளிக் கூட்டம். பெயின்ட் வாளி தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனது. ஐந்து மணிக்குக் கட்டுகஸ்தோட்டை ஹோலில் காட்சி மல்யுத்தப் பயிற்சி. பஸ்ஸில் நின்றபடி.

இருபது ‘பம்ப்’. முதுகால் விழுவதற்கு அந்தப் பெயர். நாடி நெஞ்சில் ஒட்ட வேண்டும், இரண்டு கையாலும் தரையை அறைய வேண்டும். பலகை சத்தம் போட்டால் நல்லது. உடம்பு சத்தம் போட்டால் கெட்டது.

நிசாந்தவின் முகம் சரியில்லை. ஆட்டங்களை நடத்துகிறவர் அவர்தான். போன மாதம் கம்பளை ஆட்டத்தில் முன்வரிசை “நாடகம், நாடகம்” என்று கத்தியது இன்னும் குடைகிறது. சனிக்கிழமை சென்னையிலிருந்து இருவர் வருகிறார்கள். பிடித்தால் ஒரு ஜோடியை எடுப்பார்கள், மூன்று மாதச் சுற்று. நானும் ரிஸ்வானும் என்று எல்லோருக்கும் எண்ணம். எனக்கும்தான்.

“மச்சான், இப்ப எல்லாரும் போன்ல பெரிசாக்கிப் பார்க்கிற. கிட்டப் போங்க. இன்னும் கிட்ட,” என்றார் நிசாந்த.

கடைசி அடி ‘பைல்டிரைவர்’. ரிஸ்வானைத் தலைகீழாகத் தூக்கி, தலையை என் தொடைகளுக்கு நடுவில் இறுக்கி, அப்படியே உட்காருவது. பார்க்கிறவனுக்குக் கழுத்து முறிந்த மாதிரி. ஆனால் முதலில் பலகையைத் தொடுவது என் பின்புறம். அவன் உச்சந்தலைக்குக் கீழே நான்கு விரல் இடம் இருக்க வேண்டும்.

நிசாந்தவுக்கு இரண்டு போதுமாம்.

ஒக்டோபர் 15, புதன்

மணல் மூட்டையோடு பத்துத் தடவை. சரி. ரிஸ்வானோடு இரண்டு தடவை. சரி. மூன்றாவதில் வழுக்கிவிட்டது. வியர்வை.

சின்னச் சத்தம். பலகையின் சத்தம் இல்லை.

எழுந்து சிரித்தான். “சூப்பர், வீடியோல நல்லா விழுந்தீக்கி” என்று நிசாந்தவின் போனைப் போய்ப் பார்த்தான். பிறகு வாசலில் குந்தியிருந்தான், நெடுநேரம். சப்பாத்து நாடா. இடது கை விரல்கள் அதன்மேல் சும்மா கிடந்தன. நானே கட்டிவிட்டேன்.

“என்னடா?”

“கை விறைச்சி ஈக்கி. இப்ப சரியாப் போகும்.”

“டொக்டர்கிட்ட போவோம், வா.”

“சனி முடியட்டும். மச்சான், ஒருத்தருக்கும் செல்ல வாணாம். பரீனாக்கும்தான்.”

பரீனா அவன் மனைவி. இரண்டு பெண் பிள்ளைகள். அக்குறணையில் போன் திருத்துகிற கடை. திருத்துவது அந்தக் கையால்தான். இடக்கைக்காரன்.

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஒக்டோபர் 16, வியாழன்

நேற்று எழுதியது முழு உண்மை இல்லை. வியர்வை இல்லை. தயார் என்றால் அவன் என் தொடையில் இரண்டு தட்டுத் தட்டுவான், அதற்குப் பிறகுதான் நான் உட்கார வேண்டும். தட்டுமுன் உட்கார்ந்துவிட்டேன். நிசாந்த போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். நன்றாக விழ வேண்டும் என்று அவசரம்.

மனைவி கலா என் சோற்றுத் தட்டைப் பார்த்தாள். “பெசஞ்சிக்கிட்டே இருக்கீங்க. என்னாங்க?”

கை விறைத்ததைச் சொன்னேன். தட்டாததைச் சொல்லவில்லை.

“அவரு சொல்லாதன்னாரு, சரி. வாய் ஒங்க வாய்தானே?”

கடையில் இரண்டு வாளி நிறம் மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி

மழை இல்லை. ரிஸ்வானுக்குப் போன். கை எப்படி? “நல்லா ஈக்கி.” திருகாணியைப் பிடிக்க முடிகிறதா? பேச்சை மாற்றினான்.

பைல்டிரைவர் கிடையாது, ஆளைச் சுருட்டித் தோளைப் பலகையில் அமுக்கி முடிப்போம் என்றேன். கோபப்பட்டான், கடைசியில் ஒப்புக்கொண்டான். நிசாந்தவிடம் என் முழங்கால் சரியில்லை என்று பொய். அவர் முகத்தில் சென்னை அப்படியே அணைந்தது.

இப்போது பொய் எத்தனை? எண்ண விருப்பமில்லை.

ஒக்டோபர் 18, சனி

பின்னேரம் நான்கு மணி ஆட்டம். ஹோல் நிறைந்து கதவடியிலும் ஆட்கள். சென்னைக்காரர் இருவரும் மூன்றாம் வரிசை, குறிப்பெடுக்கக் கையில் கொப்பி.

பத்து நிமிடம் நன்றாகப் போனது. அவன் கழுத்துப் பக்கமே நான் போகவில்லை. முன்வரிசையில் ஒருத்தன்: “தடவிக் குடுக்கிறான்டா!” சிரிப்பு. ரிஸ்வானின் கண் மாறியது.

குனிந்து, தானாகவே என் தொடைகளுக்கு நடுவே தலையைச் செருகினான். “போடு.”

“மாட்டேன்.”

“போடு மச்சான். அவங்க பாக்கிறாங்க.”

ஹோல் முழுக்க எழுந்து நின்றது. அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். தூக்கினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். கால்கள் மேலே போயின. அவன் இரு கையாலும் என் தொடையைப் பிடிக்க வேண்டும். வலது கை பிடித்தது. இடது கை ஈரத்துணி மாதிரித் தொங்கியது.

மெதுவாகப் படுக்க வைத்தேன். எழுந்து, கைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தேன். உண்மையாகவே அடிபட்டுவிட்டது, நிறுத்து என்று அர்த்தம். நடுவர் மட்டும் காட்டுகிற சைகை. அவர் வாயைப் பிளந்து நின்றார்.

ஊளை. தண்ணீர்ப் போத்தல் ஒன்று முதுகில். ரிஸ்வான் எழுந்து வந்து வலக் கையால் குத்தினான். உதடு கிழிந்தது. மாலை முழுவதிலும் அதற்குத்தான் பெரிய கைதட்டு.

பிறகு அவன் முழங்காலில் விழுந்தான். அது நடிப்பு இல்லை என்று நடுவருக்கும் அப்போதுதான் புரிந்தது.

ஒக்டோபர் 19, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து பரீனாவின் போன். “கழுத்தெலும்பில வெடிப்பு. இன்னொரு அடி பட்டீந்தா மூச்சே நிண்டீக்கும் எண்டு டொக்டர் செல்ற. புதன்கெழமையே ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

வைத்துவிட்டாள்.

சென்னைக்காரர் ஒருவரையும் எடுக்கவில்லை. நிசாந்த ஒரு வரி அனுப்பினார்: நீயும் நானும் பேசணும். இன்னும் பேசவில்லை.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

கலா தலைக்கு எண்ணெய் வைத்தாள். பலகாரப் பையோடு ஆஸ்பத்திரிக்கு. உள்ளே போகப் பயம். வார்டுக் கதவடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

கழுத்தில் பட்டி, திரும்ப முடியாமல் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். “யாரு? மச்சானா?” இரண்டு விரல் அசைகிறதாம். காட்டினான். நான் அழுதேன்.

டொக்டரம்மா வந்தார், யாழ்ப்பாணத்துப் பேச்சு. “படியில சறுக்கினது எண்டு இவர் சொன்னதாத்தான் எழுதிக் கிடக்கு. சறுக்கி விழுந்தா இப்பிடி வெடிக்காது. நீங்கள் ஆர்?”

“நான்தான் போட்டேன் டொக்டர். புதன்கெழம. தலகீழா புடிச்சிருந்தேன். அவன் தயாராகுறதுக்கு முந்தி ஒக்காந்துட்டேன்.”

“கேக்காதீங்கொ டொக்டர்,” என்றான் ரிஸ்வான் கூரையிடம். “இவன் பொய் செல்ற. படியிலதான்.”

டொக்டரம்மா பேனையைத் திறந்தார். “இப்ப நான் எதை எழுத?”

நான் சொன்னதை என்றேன். எழுதினார்.