பரிசோதனை அறைச் செவிலியர் மீது நான் எழுதிய புகார்

அனுப்புநர்:
விண்ணப்ப எண் 4127-இல் பயணக் காப்பீடு பெற்றவரின் இளைய மகள்

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
பயணக் காப்பீட்டுப் பிரிவு

பொருள்: மருத்துவப் பரிசோதனை அறைச் செவிலியர் மீது அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது 4ஆம் தேதிப் புகார்.
2. தங்களது 11ஆம் தேதிப் பதிலும் செவிலியரின் விளக்க நகலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஒரே மாதத்தில் இரண்டாவது தடவையாகத் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்குப் பொறுத்தருள வேண்டும். முதல் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதினேன். இதை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

1. முதலில் நன்றி. என் அம்மா ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவர். பதினோரு ஆண்டுகளாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம். ஏற்கெனவே நோய் உள்ளவருக்குக் காப்பீடு தர இயலாது என்று இரண்டு நிறுவனங்கள் கையை விரித்துவிட்டன. தாங்களோ இரு நோய்களையும் சேர்த்தே 19ஆம் தேதி காப்பீடு வழங்கினீர்கள். அந்தத் தாளை அம்மா தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறார். பெட்டியில் வைக்கச் சொன்னால், "பெட்டி தொலைஞ்சா என்னடி பண்றது?" என்கிறார்.

2. 4ஆம் தேதி பரிசோதனை அறைக்குள் போன அம்மா ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். கதவு திறந்தபோது, "போங்கம்மா, இன்னிக்கு உங்க கையில பிரஷர் பட்டை சுத்த மாட்டேன். பத்து நாள் கழிச்சு வாங்க" என்று செவிலியர் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சிடுமூஞ்சி, துரத்தி விட்டுட்டா" என்றார் அம்மா. அன்றே புகார் எழுதினேன். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்தது நான் ஒருத்திதான். நேரில் பேச எனக்கு நா எழாது. எழுத மட்டும் வரும். "ஏழைகள் என்றால் இளக்காரமா?" என்ற வரியை எழுதிவிட்டு, அதை நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

3. 7ஆம் தேதி, ஞாயிறு, அம்மாவின் மாத்திரை டப்பாவை நிரப்ப எடுத்தேன். கிழமைக்கு ஓர் அறையாக ஏழு அறைகள். திங்கள் முதல் வியாழன் வரை நான்கிலும் மாத்திரைகள் அப்படியே இருந்தன. கேட்டதும் அம்மா விம்மத் தொடங்கிவிட்டார். "ரத்தத்துல மாத்திரை இருந்தா நோயாளின்னு காட்டிக் குடுத்துரும்டி. நாலு நாள் நிறுத்தினா சுத்தமாயிரும்னு நினைச்சேன்."

4ஆம் தேதி அறைக்குள் செவிலியர் வழக்கம்போல் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்க, அம்மா பெருமையாக "நாலு நாளா தொடவே இல்லை" என்றிருக்கிறார். "ஏம்மா, மகளுக்குப் பிரசவம் பாக்கப் போறீங்களா, நீங்க போய்ப் படுத்துக்கப் போறீங்களா?" என்று கடிந்துகொண்டு, அன்றே மருத்துவரைப் பார்த்து மாத்திரையைத் தொடரச் சொல்லி அனுப்பியிருக்கிறார் அவர். மாத்திரை இல்லாமல் எகிறியிருக்கும் ரத்த அழுத்தத்தை அன்றே அளந்து பதிவேட்டில் ஏற்றியிருந்தால் எங்கள் விண்ணப்பம் அத்தோடு முடிந்திருக்கும். கிளம்பும்போது அம்மா, "வெளிய என் பொண்ணு இருக்கா, அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, பிச்சு உதறிடுவா" என்று கெஞ்சியிருக்கிறார். அவரும் சரியென்றிருக்கிறார்.

4. தாங்கள் அனுப்பிய விளக்க நகலில் ஒரே வரிதான் இருந்தது: "விண்ணப்பதாரர் அன்று பரிசோதனைக்கு உகந்த நிலையில் இல்லை." தன் மீதே புகார் வந்த பிறகும் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றியிருக்கிறார். உண்மை தெரிந்த அன்றே நான் எழுதியிருக்க வேண்டும். விண்ணப்பம் ரத்தாகிவிடுமோ என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன். அது என் தவறு.

5. 15ஆம் தேதி மறுபரிசோதனைக்கு வந்தபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். வாயிற்காவலரிடம் விசாரித்தேன். "அந்த அக்காவ பழைய கோப்பு அடுக்கிற அறையில போட்டுட்டாங்க. யாரோ படிச்ச பொண்ணு புகார் எழுதிப் போட்டுச்சாம். எழுத்து முத்து முத்தா இருந்துச்சாம்" என்றார். அது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்களிடம் சொல்கிறேன்.

எனவே என் புகாரை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். வழக்கமான மாத்திரைகளை நிறுத்தாமல் வர வேண்டும் என்று பரிசோதனைச் சீட்டில் ஒரு வரி அச்சிட்டால், என் அம்மாவைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பதால் இதுவரை தள்ளிப்போட்டேன். அவருடைய பணி ஒப்பந்தம் இம்மாதம் 30ஆம் தேதியோடு முடிகிறது என்று அறிந்தேன். அதைப் புதுப்பிக்கும் கோப்பு தங்கள் மேசைக்கு வரும்போது என் புகாரும் அதில் இருக்கும். அதை நீக்க விதி இடம் தராவிட்டால், இந்தக் கடிதத்தை அதற்கு மேலே வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இதைப் படித்த பிறகு தாங்கள் அந்தப் புதுப்பிப்பில் கையெழுத்திட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 22, திங்கட்கிழமை
இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்புக் கூடம்

நன்றியுடனும் வருத்தத்துடனும்,
(கையொப்பம்)
விண்ணப்பதாரரின் இளைய மகள்