தோளில் மிச்சமிருந்த விரல்கள்

என் அருமை அத்தானுக்கு,

போன வாரம் உங்கள் முதல் நினைவு நாள். அதே நாளில், அதே நேரத்தில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு கூட்டமும் பிரிட்ஜ்வாட்டரில் ஒரு கூட்டமும் உங்களுக்கு அஞ்சலி செலுத்தின. இரண்டுக்கும் அக்கா போகவில்லை, நானும் போகவில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீங்கள் ஆரம்பித்த தமிழ்ச் சங்கம் இரண்டாகிவிட்டது அத்தான். வருத்தம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வருத்தம் வரவில்லை. குமட்டுகிறது.

சிட்டிசன்ஷிப் பரீட்சைக்காக அமெரிக்கச் சரித்திரம் படிக்க ஆரம்பித்தீர்கள். பரீட்சை முடிந்தும் புத்தகத்தை மூடவில்லை. மருந்துக் கம்பெனி வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், இந்த நாட்டின் முதல் ஜனாதிபதி ஏதோ உங்கள் பெரியப்பா மாதிரி பேச ஆரம்பித்துவிடுவீர்கள். இரண்டு தடவை போதும் என்று அவர் நாற்காலியை விட்டு எழுந்தாராம். கட்சி கட்டி அடித்துக்கொள்ளாதீர்கள் என்று எச்சரித்துவிட்டுப் போனாராம். அவருடைய மந்திரிகள் இரண்டு பேர் அவர் கண் முன்னாலேயே இரண்டு அணி சேர்த்து, ஆளுக்கொரு பத்திரிகையை வைத்துச் சேற்றை வாரி இறைத்தார்களாம். அக்கா, "சாம்பார் ஆறுது, சாப்பிடுங்க" என்பாள்.

அந்தக் காலத்துத் தேர்தலில் முதலில் வந்தவர் ஜனாதிபதி. இரண்டாவதாக வந்தவர் துணை ஜனாதிபதி. அந்த வழக்கத்தை அப்படியே எடுத்து நம் சங்கத்துக்கு விதியாக்கினீர்கள். தோற்றவன் கோபித்துக்கொண்டு வெளியே போகக்கூடாது, ஜெயித்தவன் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்றீர்கள். அன்றைக்கே நான் சண்டை போட்டேன்.

"அத்தான், அப்படி உட்கார வெச்சுத்தானே ரெண்டாவது ஜனாதிபதிக்கு அவரோட துணை ஜனாதிபதியே குழி தோண்டினாரு? நீங்கதானே சொன்னீங்க! அமெரிக்காக்காரனே அந்த ரூலைத் தூக்கிப் போட்டுட்டான்."

"அவங்க கதை வேற மீனா. நம்ம ஆளுங்க ஒரு காபி குடிச்சா சமாதானமாயிடுவாங்க."

காபியாம்! எதை வைத்து அப்படி நம்பினீர்கள் அத்தான்? இவ்வளவு படித்த மனிதர், நம் ஆட்கள் மட்டும் வானத்திலிருந்து குதித்தவர்கள் என்று எப்படி நினைத்தீர்கள்?

உங்கள் பெரியப்பா மாதிரியே நீங்களும் தலைவர் நாற்காலியிலிருந்து இரண்டு முறையோடு இறங்கிக்கொண்டீர்கள். நீங்கள் விடைபெற்ற பொங்கல் விழாவில், கட்சி கட்டாதீர்கள் என்று நீங்கள் பேசியபோது எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு ஒரு படம் எடுத்தோம். பட்டு வேட்டியில் நடுவில் நீங்கள். வலது பக்கம் புதுத் தலைவர் சுந்தர், இடது பக்கம் அவரிடம் தோற்றுத் துணைத் தலைவரான பாலு. இருவர் கையும் உங்கள் தோளில்.

முதல் சண்டை தீபாவளிக்குச் சென்னையிலிருந்து சினிமா நடிகரை வரவழைப்பதா, நம் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுவதா என்பதில். நீங்கள் இருந்தவரை இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி டிரைவ் பண்ணி, காபி குடித்து, ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் போன பிறகு காரை எடுக்க ஆளில்லை. போன இலையுதிர் காலத்தில் இரண்டு சங்கம், இரண்டு தீபாவளி. அப்போது டிவியில், ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தது யார் என்று தெரியாமல் ஃப்ளாரிடா வாக்குச்சீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஆட்கள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மின்னஞ்சலில் ஒருவரை ஒருவர் திருடன் என்று எழுதினார்கள்.

இந்த ஜனவரியில் இரு தரப்பிலிருந்தும் அஞ்சலிக் கூட்ட அழைப்பு வந்தது. இரண்டிலும் அந்தப் பொங்கல் படம். சுந்தர் அனுப்பியதில் பாலுவைக் காணோம். பாலு அனுப்பியதில் சுந்தரைக் காணோம். வெட்டியவர்களுக்கு அவசரம். உங்கள் தோளில் வெட்டுப்பட்டவரின் நாலு விரல் மட்டும் மிச்சம் இருந்தது.

பிறகு அக்கா வீட்டுக்கு நேரிலும் வந்தார்கள். சனிக்கிழமை, ஒருவர் கார் கிளம்பியதும் இன்னொருவர் கார் வந்தது. உங்கள் சோஃபாவில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே வசனத்தைத்தான் பேசினார்கள்.

"ஹால் புக் பண்ணிட்டோம் அண்ணி. நீங்க முதல் வரிசையில உட்காரணும். நீங்க வந்தாத்தான் அண்ணன் எங்க பக்கம்னு ஊருக்குத் தெரியும்."

புருஷனைப் பறிகொடுத்த வருஷம் முடிவதற்குள் அவளைப் பார்த்து இப்படிச் சொல்ல நாக்கு எப்படி வந்தது? நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். இருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"மூணு பேரும் நிக்கற முழுப் படத்தை மேடையில மாட்டுங்க. அன்னிக்கு அவர் பேசினதை வாசிங்க. மாட்டறேன்னு வாக்குக் குடுங்க, நான் வரேன்."

சுந்தர், "கமிட்டில கேட்டுட்டு ஃபோன் பண்றேன் அண்ணி" என்றார். பாலு, "எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்களே அண்ணி" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஃபோன் பண்ணவில்லை.

நினைவு நாளன்று காலை நான் அக்கா வீட்டுக்குப் போனேன். உங்கள் பெண் ரம்யா, "மாம், ஆர் வீ கோயிங் ஆர் நாட்?" என்று கேட்டாள். அக்கா அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"முதல் ஜனாதிபதி செத்தப்போ ஊர் ஊரா வெறும் சவப்பெட்டியைத் தூக்கிட்டு ஊர்வலம் போனாங்கன்னு உங்கப்பா சொல்வாரே, அந்த மாதிரி இவங்களும் தூக்கிட்டுப் போகட்டும். அவர் இங்கதான் இருக்காரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாம்பார் ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் அத்தான். உங்களுக்குத் தெரியுமா இது?

மறுநாள் இரண்டு கூட்டத்தின் படங்களும் வந்தன. இரண்டு மேடையிலும் மாலை போட்ட படத்தில் நீங்கள் தனியாக இருந்தீர்கள். இந்த முறை விரல்களையும் விட்டுவைக்கவில்லை. கம்ப்யூட்டரில் அழித்திருக்கிறார்கள். சட்டையின் தோள் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. ஒன்றுசேரத் தெரியாதவர்களுக்கு இதில் மட்டும் எவ்வளவு நேர்த்தி! சீ!

சரியாக இருநூறு வருஷத்துக்கு முன்னால், இதே பிப்ரவரியில், ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பேருக்குச் சமமான ஓட்டு விழுந்து, யார் ஜனாதிபதி என்று தெரியாமல் இந்த நாடு திணறியது என்பீர்கள். அப்புறம்தான் அந்த விதியை மாற்றினார்கள் என்றும் சொல்வீர்கள். அவர்களுக்காவது புத்தி வந்தது. நம்மவர்களுக்கு வருமா அத்தான்? எனக்கு நம்பிக்கை இல்லை, பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். அந்த முழுப் படத்தைப் பெரிதாக்கி அக்கா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். அதிலிருந்து யாரையும் வெட்ட நான் விடமாட்டேன், எனக்குப் பிடிக்காத அந்த இரண்டு மூஞ்சிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தினமும் அதைத் துடைக்கும்போது அவர்கள் மேல் பட்ட தூசியையும் துடைக்க வேண்டியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு துடைக்கிறாள் உங்கள் மனைவி. நீங்கள் ஆரம்பித்த சங்கம் இப்போது அந்த ஆணியில்தான் தொங்குகிறது. விழாமல் பார்த்துக்கொள்கிறோம்.

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்
உங்கள் கொழுந்தியாள்,
மீனா