பணி முடியும்வரை சொல்ல வேண்டாம்

அனுப்புநர்:
விமானப் பணிப்பெண்,
பணியாளர் குடியிருப்பு, இரண்டாம் மாடி,
விமான நிலையச் சாலை.

பெறுநர்:
தொழிலாளர் நல ஆணையர் அவர்கள்,
தொழிலாளர் நலத்துறை அலுவலகம்.

பொருள்: விமான நிறுவனத்தின் பணியாளர் வேனை ஓட்டிய என் அண்ணன் ஓய்வின்றி வேலை வாங்கப்பட்டு விபத்தில் இறந்தது – அவர் உயிரோடு இருந்தபோதே வந்த செய்தி என்னிடம் மறைக்கப்பட்டது – விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டுவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒரு பெரிய விமான நிறுவனத்தில் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பணிப்பெண்ணாக இருக்கிறேன். என் அண்ணன் அதே நிறுவனத்தின் பணியாளர் வேனை ஓட்டிவந்தார். விமானிகளையும் பணிப்பெண்களையும் வீட்டு வாசலில் ஏற்றி விமான நிலையத்தில் இறக்குவதும், வேலை முடிந்தவர்களைத் திரும்ப வீடு சேர்ப்பதும் அவர் பொறுப்பு. இந்த வேலைக்கு என்னை விண்ணப்பிக்க வைத்தவரே அவர்தான். தெரிந்தவர் யாரைக் கண்டாலும், “நாங்க ரெண்டு பேரும் ஏர்லைன்ஸ்தான். அவ மேல, நான் கீழ. அவ்வளவுதான் வித்தியாசம்” என்று பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது அவர் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

2. எங்கள் வேலையில் உதட்டுச்சாயத்தின் நிறத்துக்கும் கொண்டையின் உயரத்துக்கும்கூட விதி உண்டு. காய்ச்சல் அடித்தாலும், முந்தின நாள் வீட்டில் எது நடந்திருந்தாலும், விமானத்தின் கதவருகே நிற்கும்போது முகம் மலர்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை, பழகிவிட்டது. சொல்ல வருவது வேறு. ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் நடுவே நாங்கள் இவ்வளவு நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தூக்கமில்லாதவர்களை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். ஆனால் எங்களை ஏற்றிவரும் வேன் ஓட்டுநர் தூங்கினாரா என்று கேட்க ஒருவரும் இல்லை. அவர் நிறுவனத்தின் ஆள் இல்லையாம், ஒப்பந்தக்காரரின் ஆளாம். வேனின் பக்கவாட்டில் நிறுவனத்தின் சின்னம் இருந்தது. அண்ணனின் சட்டைப்பையின் மேலும் அதே சின்னம்தான் இருந்தது.

3. சம்பவத்தன்று காலை என்னை விமான நிலையத்தில் இறக்கியவர் அண்ணன்தான். முந்தின நாள் மதியம் வேலைக்குப் போனவர் அதுவரை வீடு திரும்பியிருக்கவில்லை. அண்ணி டிபன் டப்பாவை நிறுவனத்தின் வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார். வேனில் வரும்போது அண்ணன் இரண்டு முறை கண்ணாடியை இறக்கி முகத்தில் காற்று வாங்கிக்கொண்டார். நான் இறங்கும் நேரம் போக்குவரத்து மேற்பார்வையாளர் அவரைப் போனில் அழைத்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் என் காதிலும் விழுந்தது. “இன்னொரு டிரைவர் வரலண்ணே. ஒரே ஒரு டிரிப். இத முடிச்சிட்டுப் போய்த் தூங்குங்க.”

முடியாது என்று சொல்லச் சொன்னேன். “முடியாதுன்னா நாளைக்கு வண்டி தரமாட்டான் பாப்பா. நீ போ, உனக்கு நேரமாச்சு” என்றார். எனக்கும் உண்மையிலேயே நேரமாகிவிட்டிருந்தது. போய்விட்டேன்.

4. அந்த ஒரே ஒரு டிரிப்பில், விமான நிலையத்துக்கு அடுத்த மேம்பாலத்தின் இறக்கத்தில், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்புறத்தில் வேன் மோதியது. வேனில் வேறு யாரும் இல்லை. அண்ணனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அவருக்கு நினைவு இருந்தது. அண்ணி என் கைப்பேசிக்குத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார். பணி முடியும்வரை நாங்கள் கைப்பேசியை அணைத்துப் பையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அவர் எங்கள் பணி ஒதுக்கீட்டு அலுவலகத்தை அழைத்து, “உயிருக்குப் போராடிட்டு இருக்காரு, தங்கச்சியத்தான் கேக்குறாரு, எப்படியாவது அனுப்பி வைங்க” என்று அழுதிருக்கிறார். தெரிவித்துவிடுகிறோம் என்று சொன்னார்களாம்.

5. ஐயா, அப்போது என் விமானம் முதல் ஊரில் தரையில்தான் நின்றது. பயணிகள் இறங்கியிருந்தார்கள். நான் இருக்கைப் பட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் நிறுவனத்தின் இன்னொரு விமானம் என் ஊருக்குப் புறப்படத் தயாராக இருந்தது. அதன் கதவருகே நின்ற தோழிக்கு ஜன்னல் வழியாகக் கைகூட ஆட்டினேன். அதில் என்னை ஏற்றியிருந்தால் அண்ணனை உயிரோடு பார்த்திருப்பேன். ஆனால் நான் இறங்கிவிட்டால் விதிப்படி இருக்க வேண்டிய பணிப்பெண்களின் எண்ணிக்கை குறையும். என் விமானம் கிளம்ப முடியாது. அந்த ஊரில் மாற்று ஆள் இல்லை. எனவே, “பணி முடியும்வரை சொல்ல வேண்டாம்” என்று விமானிக்கும் எங்கள் மூத்த பணிப்பெண்ணுக்கும் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. நான் அங்கிருந்து வேறோர் ஊருக்குப் பறந்தேன். பிறகுதான் வீட்டை நோக்கிப் பறந்தேன்.

6. அந்த இரண்டு பயணங்களிலும் மூத்த பணிப்பெண் என்னிடம் வழக்கத்துக்கு மாறாக அன்பாக நடந்துகொண்டார். தள்ளுவண்டியைத் தொடவிடவில்லை. “நீ உக்காரும்மா, நான் பாத்துக்குறேன்” என்றார். கணுக்கால் வலிக்கிறது என்று நான் காலையில் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன். கடைசிப் பயணத்தில் அவரே டீ போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். “என்ன மேடம், இன்னிக்கு மழ கொட்டப் போகுது” என்று கேலி செய்தேன். அவர் சமையல் பகுதிக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டார். என் அண்ணன் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அது மேடத்துக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் பயணிகளுக்குச் சாக்லேட் கொடுக்கப் போனேன்.

மூத்த பணிப்பெண் மீது எனக்குப் புகார் இல்லை. எய்தவர் இருக்க அம்பை நொந்து என்ன பயன்? அவர் பிறகு வீட்டுக்கு வந்து, அந்த உத்தரவைப் பற்றிச் சொல்லிவிட்டு, அண்ணியின் பக்கத்தில் வெகுநேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

7. பொழுது சாயும் நேரத்தில் தரையிறங்கினோம். பயணிகள் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி, கடைசி ஆள் இறங்கிய பிறகு என்னிடம் சொன்னார்கள். சீருடையோடு மருத்துவமனைக்குப் போனேன். அண்ணனின் முகத்தைத் துடைத்து வைத்திருந்தார்கள். அவர் மதியம்வரை கண்ணைக் கதவின் பக்கமே வைத்திருந்ததாகவும், “பாப்பா இறங்கிட்டாளா, பாப்பா இறங்கிட்டாளா” என்று கேட்டுக்கொண்டே இருந்ததாகவும் அண்ணி சொன்னார். நர்ஸ் அவரைப் பேச வேண்டாம் என்றாராம். “பிளேன் லேட்டா இருக்கும் சிஸ்டர், அவ வராம இருக்கமாட்டா” என்று அண்ணன் அவரிடமே சமாதானம் சொன்னாராம். என்னைப் பெற்ற அம்மா அங்கேயே என்னிடம் கேட்டார்: “உனக்குத் தெரிஞ்சும் வேலைய முடிச்சிட்டு வந்தியா?” இல்லையம்மா, தெரியாது என்றேன். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இன்றுவரை சாப்பாடு போடும்போது என் முகத்தைப் பார்க்காமல்தான் தட்டை வைக்கிறார்.

8. நிறுவனத்தின் மனிதவள அதிகாரியைச் சந்தித்தேன். ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தார். இடிந்துபோன மனநிலையில் இருப்பவர் விமானத்தில் பணிபுரிவது பயணிகளுக்கு ஆபத்து என்பதால்தான் செய்தியைச் சொல்லவில்லை என்று விளக்கினார். ஆபத்து என்றால் இறக்கி அனுப்பியிருக்கலாமே என்று கேட்டேன். அதற்கு அவர், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். விபத்து அறிக்கையில், “ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்” என்று எழுதியிருப்பதாகவும், ஓட்டுநர்களின் வேலை நேரத்துக்கு ஒப்பந்தக்காரரே பொறுப்பு என்றும் கூறினார். ஒப்பந்தக்காரரைக் கேட்டால், கம்பெனி கேட்கிற டிரிப்பைக் கொடுப்பதுதான் தன் வேலை என்கிறார். பந்து இரண்டு பேர் காலிலும் மாறி மாறி உருள்கிறது, ஐயா.

9. அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அன்றைய கடைசிப் பயணத்தில் வந்த ஒருவர், என் சிரித்த முகத்தைப் பாராட்டி எழுதியிருந்தாராம். அவர் நல்ல மனிதர்தான். சான்றிதழைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

10. நான் தங்களிடம் கேட்பவை இவை. பணியாளர் வேன் ஓட்டுநர்களுக்கும், அவர்கள் யார் ஆளாக இருந்தாலும், கட்டாய ஓய்வு நேரம் விதிக்கப்பட வேண்டும். அதை மீறி வேலை வாங்குவோர் தண்டிக்கப்பட வேண்டும். பணியில் இருப்பவரின் வீட்டிலிருந்து உயிர் பற்றிய செய்தி வந்தால், விமானம் தரையில் நிற்கும்போது அதை மறைக்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். அந்த அறிக்கையிலுள்ள “கவனக்குறைவு” என்ற சொல்லைத் தக்க விசாரணை நடத்தி நீக்க வேண்டும். இத்தனை வருடங்களில் அண்ணன் வேனில் ஒருவர் காப்பி சிந்தியதாகக்கூடப் பேச்சு வந்ததில்லை. அவர் மகள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அந்தச் சொல்லை அவள் படிக்கும்படி ஆகக் கூடாது.

11. நான் மீண்டும் பணியில் சேர்ந்துவிட்டேன். சேராமல் இருக்க வழியில்லை. நேற்று என்னை ஏற்ற வந்த வேனில் புதிய ஓட்டுநர் ஒருவர் இருந்தார். வயது குறைவு, கண் சிவந்திருந்தது. தூங்கினீர்களா என்று கேட்டேன். “இல்லக்கா, இன்னும் ரெண்டு டிரிப் இருக்கு” என்றார். விமான நிலையம் வரும்வரை முன்னிருக்கையில் உட்கார்ந்து, வாய் வலிக்க அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். அவரைத் தூங்காமல் வைக்க என்னால் முடிந்தது அவ்வளவுதான். தூங்கவைக்கத் தங்களால் முடியும். அருள்கூர்ந்து செய்யுங்கள்.

என்றும் தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
மனுதாரர்

நாள்: 19.06.2023
இடம்: பணியாளர் குடியிருப்பு