தெற்கே திருப்பிய வரைபடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆடுகள் நன்றாகக் கொழுத்தனவா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே வடக்கில் நான் சுகம். பகலெல்லாம் மூடுபனி. மலைகள் தரையில் கால் வைக்காமல் மிதக்கின்றன. நானும் பாதிக் கனவில்தான் நடக்கிறேன்.

காட்டு மான்களுக்காக ஒரு காப்பகம் வருகிறது. மேய்ப்பர்களைக் கேட்டுத்தான் எல்லை போடவேண்டும். நேற்று துணி வரைபடத்தை விரித்து, மேய்ச்சல் கூடாத இடத்தைச் சிவப்புக் கோட்டால் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இன்று வரைபடத்தில் அவரவர் குளிர்காலத் தொழுவம் இருக்கும் இடத்தில் ஒரு கூழாங்கல் வைக்கச் சொன்னேன். அத்தனை கல்லும் மலையுச்சியில்! அதைச் சொன்னேன்.

"ஏம்மா துல்மா, எங்க ஆட்டுக்கு எப்போ றெக்க முளச்சுது?" என்று, என்னைத் தன் கூடாரத்தில் தங்கவைத்திருக்கும் மேய்ப்பர் செந்த் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

அலுவலகப் பழக்கத்தில் வடக்கை மேலே வைத்து வரைந்திருக்கிறேன். நமக்கு முன்பக்கம் என்றால் தெற்கு அல்லவா? நீங்கள் சிரிப்பது கேட்கிறது, அப்பா.

தெற்கு மேலே வரும்படி துணியைத் திருப்பிப் போட்டதும் அக்காவின் சிரிப்பு நின்றது.

"அடியே, கோட்டுக்குள்ள கெடக்கறது எங்க ஊத்து! நேத்து இதுக்கா தலையாட்டுனோம்?"

கோட்டை அழித்தேன். ஊற்றுக்கு அப்பால் அவர்களே புதிதாக வரைந்தார்கள்.

உலர்ந்த தயிர்க்கட்டி கொஞ்சம் அனுப்புங்கள். நம் வீட்டுத் துணியிலேயே கட்டுங்கள்; துவைக்க வேண்டாம்.

தபால் கொண்டுபோகும் வண்டி கிளம்புகிறது. கூடாரக் கதவை மூடச் சொல்லிச் செந்த் அக்கா திட்டுகிறார். அது தெற்கே, உங்களைப் பார்த்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கட்டும்.

உங்கள் துல்மா