எகிப்துக் கதையின் அண்ணி

5.6.1987
குழாயில் தண்ணீர் இல்லை. லைப்ரரியில் எடுத்த எகிப்துக் கதைகளில் பாதி முடித்தேன். கொழுந்தன் வெட்டி வீசிய புருஷனை ஐசிஸ் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்தாளாம். அவள் தேவி, எங்கே வேண்டுமானாலும் போவாள். எனக்கு ஆவடி மார்க்கெட் போகவே இவரிடம் சொல்ல வேண்டும்.

9.6.
இவருக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம். இவர் தம்பி பாஸ்கரன் வேலை தேடி வந்து, பொங்கலிலிருந்து எங்களோடுதான். பகலெல்லாம் குவார்ட்டர்ஸில் அவனும் நானும். முன்பெல்லாம் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

10.6.
அடுப்படியில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பிடித்தான். கையெல்லாம் மாவு, வழுக்கிக்கொண்டு— தள்ளிவிட்டேன். மணிக்கட்டை முறுக்கினான். பக்கத்து வீட்டு ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது, கத்தினால் யாருக்குக் கேட்கும்? சாயங்காலம் இவர் எதிரில் "அண்ணி, காபி" என்கிறான். கூச்சமே இல்லாமல். எப்படிடா முடியுது உன்னால?

11.6.
எழுத ஒன்றுமில்லை.

12.6.
இரண்டு சகோதரர்கள் கதை. அண்ணன் வயலில் இருக்கிறான். விதை எடுக்க வீட்டுக்கு வந்த தம்பியை அண்ணி படுக்கக் கூப்பிடுகிறாள். அவன் உதறிவிட்டுப் போகிறான். அடிபட்டவளாக வேஷம் போட்டு, தம்பிதான் கைவைத்தான் என்று புருஷனிடம் அழுகிறாள். கடைசியில் உண்மை தெரிந்து, அண்ணன் அவளைக் கொன்று நாய்களுக்குப் போடுகிறான்.

புத்தகத்தை மூடிவிட்டேன். அவளுடையது பொய்க் காயம். என்னுடையது நிஜம், வளையலைத் தள்ளி மறைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதையில் பசுமாடுகூடப் பேசுகிறது. அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. யார் எழுதினானோ, பாவி.

14.6.
விடுமுறை. இவர் புத்தகத்தைப் புரட்டி, அதே கதையைச் சாப்பிடும்போது தம்பிக்குச் சொன்னார். "பாத்தியா, அந்தக் காலத்துலயே பொம்பளைங்க எப்படின்னு" என்று சிரித்தார். பாஸ்கரனும் சிரித்தான், என்னைப் பார்த்து. ரசம் ஊற்றினேன். இனி எந்த வாயால் சொல்வேன்?

17.6.
மறுபடியும். இந்த முறை கடித்துவிட்டேன்.

18.6.
பால் ஊற்றும் நாகம்மா மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள். பொய் சொல்ல வரவில்லை, சொல்லி அழுதேன். பால் செம்பைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "நீ முந்திக்கோம்மா. நீ சொல்லாட்டி, நீதான் கூப்ட்டேன்னு அவன் சொல்லிடுவான்."

அவளுக்கு எகிப்து தெரியாது. கதை தெரிந்திருக்கிறது.

20.6.
பாஸ்கரன் சினிமாவுக்குப் போயிருந்தான். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், வளையலைக் கழற்றிக் காட்டி. நம்பாவிட்டால் அம்மா வீட்டுக்குப் போவது என்று பையில் இரண்டு புடவை வைத்திருந்தேன்.

இவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அடுப்படிக் கதவு திறந்தா இருந்துச்சு?"

திறந்துதான் இருந்தது. அடுப்படியை யாராவது மூடிக்கொண்டு சமைப்பார்களா?

21.6.
நம்பிவிட்டார். என் மேல் துளி சந்தேகம் இல்லை என்றார், கண்கூடக் கலங்கியது. ஆனால் அவனை ஊருக்கு அனுப்பினால் நாலு பேர் காரணம் கேட்பார்களாம், இவர் அம்மா தாங்க மாட்டார்களாம்.

அம்பத்தூர் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தார். அடுப்படிக் கதவின் உள்பக்கம் மாட்டினார். "நான் டூட்டிக்குப் போனதும் போட்டுக்க."

பாஸ்கரன் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் கேட்கக் கேட்கத் திருகாணிகளை எடுத்துக் கொடுத்தான்.