வாசலில் மாட்டிய படம்

பதுளை
28.01.2025

அன்பின் பாக்கியலெட்சுமிக்கு,

நலம்தானே? சனிக்கிழமை புகைப்பட விமர்சன வகுப்புக்கு நீங்கள் வராததில் எனக்குக் கோபம்தான். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்பீர்கள். பூனாகலையில் சிக்னலும் இல்லை. அதனால் நல்ல செய்தியைக் கடிதத்திலேயே சொல்கிறேன். குளித்துவிட்டுத் தலை துவட்டும் பெண்ணை எடுத்தீர்களே, கண்காட்சிக்கு அந்தப் படம்தான் முதலில் தேர்வானது. ஷப்ராஸ் மட்டும் வெளிச்சம் கூடிப்போச்சு என்று குறை சொன்னான். மற்றவர்கள் அவனைப் பேசவே விடவில்லை. ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வாசலில் மாட்டப் போகிறோம்.

அன்புடன்,
ரிஸ்கா

பூனாகலை
03.02.2025

அன்புள்ள ரிஸ்கா மிஸ்ஸுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் படம் வேண்டாம் மிஸ். அவள் பக்கத்து வீட்டுக் கலாராணி. போன வருஷப் பொங்கலுக்கு ஒரே ஒரு பையோடு இந்த லயத்துக்கு வந்தவள். ஒரு காது கேட்காது. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. படம் எடுத்தபோது, "வகுப்புக்கு மட்டுந்தானே அக்கா? வெளியில போட மாட்டீங்கல்ல?" என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன். அதை உங்களிடம் சொல்லாதது என் பிழை. வேறு படம் மாட்டுங்கள் மிஸ், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
பாக்கியம்

பதுளை
12.02.2025

அன்பின் பாக்கியம்,

உங்கள் கடிதம் வருவதற்குள் கண்காட்சி தொடங்கிவிட்டது. முகம் பாதி துவாயில் மறைந்துதானே இருக்கிறது? ஞாயிறோடு முடிகிறது, அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள்.

அவளுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. மூன்று நாளாக ஒருவர் வந்து அந்தப் படத்தின் முன்னால் நின்றார். நேற்றுத்தான் வாய் திறந்தார். "எங்க தங்கச்சிங்க. ஒரு வருஷமா தேடுறோம். எந்தத் தோட்டம்னு மட்டும் சொல்லுங்க" என்று கண்கலங்கினார். பூனாகலை என்றேன், உங்கள் பெயரையும் சொன்னேன். பிரிந்த குடும்பம் உங்கள் படத்தால் ஒன்று சேரட்டும்.

அன்புடன்,
ரிஸ்கா

பூனாகலை
19.02.2025

ரிஸ்கா மிஸ்ஸுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டான். கலாராணிக்கு அண்ணன் கிடையாது. அவன் அவள் புருஷன்.

வெள்ளைச் சட்டை, கையில் பிஸ்கட் பெட்டி. நாங்கள் என் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் ஆறு மாசக் குழந்தை. இங்கே வந்தபோது அவள் இரண்டு மாசக் கர்ப்பம். அது அவனுக்குத் தெரியாது. அவனைக் கண்டதும் எழுந்து குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

"அக்கா, ஒங்க புள்ளைய புடிங்க. பசிக்குது போல."

குரல் நடுங்கவே இல்லை மிஸ்.

அவன் குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டான். "எத்தன மாசம்?"

"ஆறு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவன் விரல்களை மடக்கி எதையோ எண்ணினான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "சரி, போவோமா?" என்றான். எவ்வளவு மரியாதையான மனுசன் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினாள்.

உங்களிடம் உள்ள மற்றப் படங்களில் மூன்றில் அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். இன்றே அழித்துவிடுங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

பாக்கியலெட்சுமி

பதுளை
25.02.2025

பாக்கியம்,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை நான் அனுப்பப் போவதில்லை.

படங்களை அழித்துவிட்டேன். உங்கள் கடிதம் கிடைத்ததுமே ஷப்ராஸை வேனோடு அனுப்பினேன். கதவு பூட்டியிருந்ததாம். பிள்ளையோடு முதல் பஸ்ஸில் போய்விட்டீர்கள், எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை என்று பக்கத்து வீட்டு வேலாயி அம்மா சொன்னாராம்.

நேற்று அவள் புருஷன் இங்கே தனியாக வந்தான். கலாராணி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"வீட்டுல இருக்கா. இப்பல்லாம் யாரோடயும் பேசுறதில்ல" என்று சிரித்தான். அவன் போனதும் ஆட்டோ நம்பரைப் பொலிஸில் கொடுத்தேன். விசாரிப்பதாகச் சொன்னார்கள்.

அவன் என்னைத் தேடி வந்தது வேறு காரியத்துக்கு. "அந்தப் பாக்கியம் அக்கா எங்க போயிட்டாங்க? அவங்க புள்ளைய இன்னொரு தடவ பாக்கணும்" என்றான்.

"தெரியாது" என்றேன்.

அது உண்மையாக இருந்ததற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

ரிஸ்கா