கின்லாரிக் கோயிலின் எதிரொலி

12 அக்டோபர் 1868, திங்கள்

கின்லாரிக் ஊரின் புதுக் கிறிஸ்தவக் கோயிலில் இன்று கூரை வேலை முடிந்தது. நான் தனியாக வரைந்து கட்டும் முதல் கோயில். தச்சன் மகனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களை நினைத்துக்கொண்டேன்.

சபை மூப்பர் கில்கிரைஸ்ட் பிரசங்க மேடையில் ஏறி வேதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தார். ஒவ்வொரு வார்த்தையும் மேலே போய்த் திரும்பி வந்து அடுத்த வார்த்தையின் மேல் விழுந்தது. ஒன்றும் விளங்கவில்லை.

"பாக்க அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா நாங்க இங்க வர்றது கேக்கறதுக்கு" என்றார்.

13 அக்டோபர்

ஒரு கோடுகூட வரையவில்லை.

19 அக்டோபர்

சபை கூடி முடிவெடுத்துவிட்டது. திறப்பு நாளன்று பிரசங்கம் கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால், என் உயர்ந்த மரக்கூரையை மறைத்துத் தட்டையாக ஓர் உட்கூரை அடிப்பார்கள். கில்கிரைஸ்ட் அதற்குப் பலகையே வாங்கிப் போட்டுவிட்டார் - என்ன அவசரம் இந்த மனுஷனுக்கு? அப்படி நடந்தால் இந்தப் பக்கத்தில் எனக்கு இன்னொரு கட்டடம் யார் தருவார்?

என் மனைவி ஐசோபெல் ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "நாம குடிவந்த அன்னிக்கு இந்த வீடுந்தான் எதிரொலிச்சுது. சாமான் வந்ததும் அடங்கலையா?"

"கோயில்ல என்ன சாமானக் கொண்டு வைக்கிறது?"

"ஜனங்க வருவாங்கல்ல."

கட்டியவன் நான். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? ஆனால் எத்தனை பேர் வந்தால் போதும்?

15 நவம்பர், ஞாயிறு

திறப்பு நாள். விடிந்ததிலிருந்து மழை கொட்டியது. யார் வரப்போகிறார்கள் என்று வாசலிலேயே நின்று பார்த்தேன்.

வந்தார்கள். மலைப் பண்ணைகளிலிருந்துகூட நடந்தே வந்து, நனைந்த கம்பளிச் சால்வைகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நான் கடைசி வரிசையில், நெசவுக்கார லெகட் அம்மாவுக்குப் பக்கத்தில். போதகர் வாயைத் திறந்தார். சொல் சொல்லாக, தெளிவாக வந்து சேர்ந்தது. அழுதுவிட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

வாசலில் லெகட் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "பழைய கோயில்ல ஒண்ணும் கேக்காது, நிம்மதியாத் தூங்குவேன். உங்க புண்ணியத்துல இன்னிக்கு ஒன்றரை மணி நேரம் கண்ணை மூட முடியல."

23 நவம்பர்

கில்கிரைஸ்ட் வீட்டுக்கு வந்திருந்தார். உட்கூரைக்கு வாங்கிய பலகை சும்மா கிடக்கிறதாம். பள்ளிக்கூடத் தரைக்குப் போட்டால் தாங்குமா என்று கேட்டார்.

"எந்தப் பள்ளிக்கூடம்?" என்றேன்.

"நீங்க வரையப்போறதுதான். இந்த வாட்டி கூரையக் கொஞ்சம் தாழ்த்திப் போடுங்க தம்பி."